இடது முன்னங்கால்

ஊசியக்காவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள். சளிக்கும் சீழுக்கும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். அவளுக்குக் குமட்டுவது ஒன்றே ஒன்றுதான்: ஆட்கள் பீற்றிக்கொள்வது. அந்தக் குமட்டலையும் வருஷத்துக்கு ஒரு முறை லீவு போட்டுவிட்டுத் தானே தேடிப்போனாள்.

எல்லாம் தம்பியால் வந்தது. அவன் நிலத் தரகன். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி, நூறு கிலோமீட்டர் நெடுந்தூரப் பந்தயத்தில் ஓட்ட ஆரம்பித்தான். மேலே உட்கார்ந்து ஓட்டுவது மட்டும்தான் அவன் வேலை. மிச்சமெல்லாம் கூட வருகிறவர்கள் தலையில், அதாவது அக்கா தலையில். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை குதிரை முகாமுக்குத் திரும்பும். சேணத்தைக் கழற்றி, கழுத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வழித்து, நாடித் துடிப்பை அறுபத்து நாலுக்குள் இறக்க வேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் முன்னால் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். நொண்டினால் பந்தயம் அதோடு சரி. தேறினால் நாற்பது நிமிஷம் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. அந்த நாற்பது நிமிஷமும் தம்பி மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி, தானும் குதிரையும் ஓருயிர் ஈருடல் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பான். நனைந்த உடையோடு அக்கா காலி வாளிகளை அடுக்கிக்கொண்டே அதைக் கேட்டுத் தொலைப்பாள்.

ஆனாலும் வந்தாள், குதிரைக்காக. காகிதத்தில் அதற்கு மகாராணி மாதிரி முழ நீளப் பெயர். அவள் ‘கழுதை’ என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் காதைத் திருப்பும். அதன் இடது முன்னங்குளம்புக்கு மேலே தண்ணீர் பட்டால் போதும், கூச்சம் தாங்காமல் காலைத் தூக்கி வாளியை ஒரு தட்டுத் தட்டும். முதல் வருஷம் அவள் முழங்கால் வீங்கிப்போனது. அதிலிருந்து வாளியைத் தள்ளிப் பிடித்தே ஊற்றினாள். இப்படி ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் மூன்றாவது சுற்று முடிந்து ஓடிக் காட்டியபோது, திருப்பத்தில் அந்த இடது கால் கொஞ்சம் தயங்கியது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மறுபடி காட்டச் சொன்னார். தம்பி அப்போது இரண்டாவது இடத்தில் இருந்தான். அக்காவைப் பார்த்து, “நீ போய் ஐஸ் வாங்கிட்டு வாக்கா, நான் இதைப் பாத்துக்கிறேன்” என்றான். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை ஏழு வருஷத்தில் வந்ததே இல்லை. அவளுக்கு நெஞ்சே இளகிப்போனது. அந்த இளகலை நினைத்துத்தான் பிற்பாடு தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

மறுபடி காட்டியபோது குதிரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மருத்துவர் தலையாட்டினார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. கடைசியாக ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கால்களில் ஊற்றினாள். இடது கால் அசையவில்லை. இன்னொரு தரம் ஊற்றினாள். “கழுதை” என்று கூப்பிட்டாள். காது திரும்பியது, கால் தரையிலேயே இருந்தது.

குந்தி உட்கார்ந்து, குளம்புக்கு மேலே ஈர மயிரை விலக்கினாள். ஊசி குத்தியே பழகிய விரல்களுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது. எழுந்து, எங்கே போனாலும் கூடவே கொண்டுவரும் தன் வேலைப் பையைத் திறந்தாள். மரத்துப்போக வைக்கும் மருந்தை எங்கோ வாங்கிவைத்திருந்த புத்திசாலி ஊசியை மறந்திருக்கிறான். அவளுடைய ஊசிப் பொட்டலம் ஒன்று கிழிந்து கிடந்தது. கடைசிச் சுற்று முழுக்கக் கல்லும் மேடும். மரத்த காலுக்கு வலி தெரியாது. எலும்பு முறிகிறவரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்தவனிடம் கேட்டாள். அவன் மறைக்கக்கூட இல்லை.

“ஒரு சுத்துதானேக்கா. அதுக்கு வலிக்கவே வலிக்காது. உன் ஊசிதான், சுத்தமானதுதான்.”

இதில் சமாதானம் வேறு. அவளுக்கு எச்சில் கசந்தது. ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் வாளியோடு மருத்துவரிடம் நடந்தாள். இது தண்ணீர் பட்டால் கால் தூக்கும், இப்போது தூக்கவில்லை என்று சொல்லி, அவர் கண்முன்னால் ஊற்றினாள். பின்னாலேயே ஓடி வந்த தம்பி, அக்காவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று சிரித்தான். அப்படியொரு பழக்கமே இந்தக் குதிரைக்குக் கிடையாது என்று சத்தியம் பண்ணினான். கொடுமை என்னவென்றால் அவன் பொய் சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தானே தெரியும்!

மருத்துவர் பேனா முனையால் வலது காலைத் தொட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இடது காலில் அழுத்தினார். அது நின்றபடியே நின்றது.

பந்தயக் குழுக்காரர் ஒருவர் அவசரமாக வந்து, நொண்டல் என்று மட்டும் எழுதிவிடலாமே, குடும்ப விஷயம்தானே என்று குழைந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நடந்ததை எழுதுங்க. ஊசி என்னோடதுன்னும் சேத்து எழுதுங்க.”

தன் வேலைக்கே அது உலை வைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். கூடப்பிறந்தவள்தானா நீ என்று தம்பி கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தை செலவழிக்கவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மாலை நாலு மணி வாக்கில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கால் சூட்டைத் தணிக்கலாம் என்று அவள் வாளியோடு குதிரையிடம் போனாள். மருந்தின் வேகம் விட்டுவிட்டிருந்தது. அவளைக் கண்டதும் குதிரை இடது முன்னங்காலைத் தூக்கியது. வழக்கம்போல வாளியைத் தட்டும் என்று ஒதுங்கி நின்றாள். தட்டவில்லை. தூக்கிய காலை வலியில் கீழே ஊன்றவும் இல்லை. வாளித் தண்ணீரை அவள் இன்னும் ஊற்றியிருக்கவேயில்லை.