புள்ளியக்காவின் புது மானிட்டர்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. ரத்தமோ சிறுநீரோ எதைச் சோதித்தாலும், முடிவு கடைசியில் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தாக வேண்டும். நாலு புள்ளி ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை நாற்பத்தொன்று என்று அடித்துவிட்டால், நன்றாக நடந்து வந்த மனிதனைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட அவள் தொலைத்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். அடித்து முடித்ததும் எண்களை மட்டும் கீழிருந்து மேலாக ஒரு தடவை படிப்பாள். மேலிருந்து படித்தால் மனசு தானாக நிரப்பிக்கொண்டு ஓடிவிடும் என்பது அவள் கட்சி.

தட்டச்சு அறை என்று பெயர்தான் பெரிது. ஜன்னல் கிடையாது, இரண்டு மேஜை, நடுவில் ஒரு பிரின்டர். பக்கத்து மேஜையில் இருந்தவளைச் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கே முப்பது தாண்டிவிட்டது. அக்கா மேல் அவளுக்கு உயிர். அக்கா தும்மினால் இவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். அந்தப் பிரியம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புள்ளியக்காவின் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் பார்வை போய்விட்டது. முதலில் எழுத்து மங்கியது, அப்புறம் படிக்கட்டு, கடைசியில் பெற்ற பிள்ளைகளின் முகம். அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நாலு. இந்தக் கழித்தலை அவள் தினமும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பாள், வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கண் போனால் இந்த நாற்காலி போகும். நாற்காலி போனால் தான் யார் என்பது அவளுக்கே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை பழைய மானிட்டர் நாலு தடவை இமைத்துவிட்டு அணைந்தது. மறுநாள் கம்ப்யூட்டர்காரர் புதிய ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஐம்பதை நெருங்கும் மனிதர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, தோளில் ஒயர்கள் பிதுங்கும் பை. புதிய மானிட்டர் பழையதைவிட ஒரு சாண் அகலம். எழுத்தோ எறும்பு அளவு.

"எழுத்து சின்னதா இருக்காம்மா?" என்று அவர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் மேடம் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எண் அடிக்கிற வேலையில் இருக்கிறவள், எழுத்து தெரியவில்லை என்று மேலதிகாரி முன்னால் சொல்வாளா?

"இல்ல சார், நல்லாவே தெரியுது."

"அப்ப சரி. இன்னும் ஒரே ஒரு வேலைதான்" என்று அவர் ஏதோ தட்டினார். திரையில் கட்டம் கட்டமாக ஒரே வாக்கியம் ஆறு தடவை வந்தது. ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு, ஒன்றின் ஓரத்தில் லேசான நிறம். "இதுல எது தெளிவா இருக்கோ அதை அமுக்குங்கம்மா. இது மாதிரி நாலஞ்சு பக்கம் வரும்."

அக்கா வியர்த்துப் போனாள். ஆறில் ஒன்றுதான் சரி, மற்ற ஐந்தும் தப்பு, தப்பை அமுக்கினால் கண் கெட்டவள் என்று குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் அவள் புத்தி போயிற்று. பள்ளிக்கூடத்தில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்ந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? மெதுவாகத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் புரிந்துகொண்டு, மேடத்துக்குத் தெரியாமல் தாடையால் இரண்டாவது கட்டத்தைக் காட்டினாள். அடுத்த பக்கத்தில் ஐந்தாவது. அதற்கடுத்து முதலாவது. அக்கா ஒவ்வொன்றாக அமுக்கினாள். கம்ப்யூட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மேடமும் போனார். பரீட்சை பாஸ்.

எறும்புகள் மட்டும் அப்படியே இருந்தன. அக்கா மூக்கால் திரையைத் தொடாத குறையாகக் குனிந்திருந்ததைப் பார்த்துச் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுங்கக்கா, நான் பெருசாக்கித் தர்றேன்" என்று அவளே உட்கார்ந்து, எதையோ திறந்து, எதையோ குறைத்தாள். திரை ஒரு தடவை கறுத்துத் திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் பெரிதாக இருந்தது. "இப்ப எப்படிக்கா?"

பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் கசிந்து, ஈரக் காகிதத்தில் பேனாவால் எழுதியது மாதிரி இருந்தது. எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் பார்க்க இரண்டு முறை இமைக்க வேண்டியிருந்தது. புள்ளி, பக்கத்து எண்ணோடு ஒட்டிக்கொண்டது. சின்ன எழுத்து தெரியாவிட்டால் அது வயசு, எல்லோருக்கும் வருவது. இவ்வளவு பெரிய எழுத்தே மங்கலாகத் தெரிந்தால் அதற்கு என்ன பெயர்? அம்மாவுக்கு வந்ததுதான்.

"சூப்பரா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் வரும்போதே தலைவலியைக் கூட்டிக்கொண்டு வருவாள், மதியத்துக்குள் அது பிடரி வரை இறங்கிவிடும். கழிப்பறைக்குப் போய்க் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவாள். நாளுக்கு நாற்பது அறிக்கை அடித்துக்கொண்டிருந்தவள் இருபத்தைந்தில் மூச்சு வாங்கினாள். திரையை நம்ப முடியாததால் ஒவ்வொன்றையும் முதலில் காகிதத்தில் எடுத்து, கீழிருந்து மேலாகச் சரிபார்த்து, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். அந்தக் காகிதத்தில் எல்லாப் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பற்றி ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். பயந்து போனவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்? கண் டாக்டரிடமும் போகவில்லை. போனால் அம்மாவிடம் சொன்னதையே அவர் தன்னிடமும் சொல்லிவிடுவார்.

வீட்டில் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு வந்து, நாள் முழுக்கக் கத்திய குழந்தைகளின் சத்தம் காதில் ரீங்கரிக்க சோபாவில் சாய்ந்திருப்பார். "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்பார். "வேலை ஜாஸ்தி" என்பாள். அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார், அவள் மேற்கொண்டு சொல்ல மாட்டாள். இரண்டு பேருக்குமே பேசத் தெம்பு இருக்காது.

ஒரு நாள் ஒரு குழந்தையின் அறிக்கையில், காகிதத்தில் சரிபார்க்கும்போது, இல்லாத இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. பதினெட்டு என்பது ஒன்று புள்ளி எட்டாகியிருந்தது. வெளியே போகும் முன்னால் பிடித்துவிட்டாள். அந்தக் காகிதத்தைக் கிழிக்கக்கூட முடியாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அன்று மதியமே, சின்னவள் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒரு கடிதம் அடித்தாள். கண் பார்வை குறைந்துவிட்டபடியால் தட்டச்சு வேலையைத் தொடர இயலவில்லை, பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றித் தர வேண்டும். அதைக் காகிதத்தில் எடுத்துச் சரிபார்க்கக்கூட இல்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் மேடம் நல்ல மனுஷி. "நிஜமாவா கேக்கறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஆமாங்க மேடம். முடியல."

மேடம் மேலே எழுதினார். மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து கோப்பு அறை. அக்காவின் இடத்துக்கு வேறொரு கூடத்தில் வேலை பார்க்கும் பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள்.

முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். புதிதாக வருகிற பெண்ணுக்காக இயந்திரத்தைத் தயார் செய்து வைக்க வேண்டுமாம். அக்கா எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, திரையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா இதை இப்படி வச்சது?"

சின்னவள் பிரின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு மானிட்டருக்கும் சொந்தமா ஒரு அளவு இருக்கு. அதுலதான் எழுத்து நறுக்குன்னு நிக்கும். பெருசா வேணும்னா அந்த அளவைத் தொடாம, எழுத்தை மட்டும் பெருசாக்கணும். இதுல அளவையே குறைச்சு வச்சிருக்காங்க. யார் பார்த்தாலும் மங்கலாத்தான் தெரியும்."

"யார் பார்த்தாலுமா?" என்றாள் அக்கா.

"இதோ, எனக்கே தெரியலையே."

அக்கா திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். "உனக்கும் மங்கலாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா." சின்னவள் பிரின்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சூப்பரா இருக்குன்னு சொன்னீங்க. உங்க கண்ணுக்கு அதுதான் வசதியோன்னு நெனச்சேன். மங்கலா இருக்கேன்னு சொன்னா உங்க கண்ணைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டரை மாதம் ஒரே அறைக்குள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒருத்தி மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, தான் வாய் திறந்து கேட்டிருந்தால் சின்னவள் அப்போதே சொல்லியிருப்பாள்.

கம்ப்யூட்டர்காரர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அளவைத் திருப்பி வைத்தார், எழுத்தை மட்டும் பெரிதாக்கினார். "புதுப் பொண்ணு நாளைக்குத்தான் வரும். நீங்க உக்காந்து இதைப் பாருங்கம்மா" என்று அந்தக் கட்டங்களைக் கொண்டுவந்தார்.

"இதுல சரியானது எது சார்?"

அவர் சிரித்தார். "சரி, தப்புன்னு ஒண்ணும் இல்லம்மா. உங்க கண்ணுக்கு எது நல்லாருக்கோ அது. எனக்கு ஒண்ணு பிடிக்கும், உங்களுக்கு ஒண்ணு."

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்காமல் மூன்றாவதை அமுக்கினாள். அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெகு நேரம் தயங்கினாள், அவசரப்படவில்லை. வெளிச்சம் குத்துகிறது, குறையுங்கள் என்றாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, திரையும் அதே வெளுப்புக்கு வரும் வரை அவர் குறைத்தார். திரையை ஒரு கை தூரம் பின்னால் தள்ளச் சொன்னாள், தள்ளினார்.

எழுத்து நின்றது. எட்டு எட்டாக, மூன்று மூன்றாக. புள்ளி தனியாக, தன் இடத்தில்.

அவர் போன பிறகு அக்கா தன் கடிதத்தைத் திரையில் திறந்தாள். கண் பார்வை குறைந்துவிட்டபடியால் என்று தொடங்கிய கடிதம். வழக்கம் போலக் கீழிருந்து மேலாகப் படித்தாள். தேதி, ஊழியர் எண், சேர்ந்த வருஷம், ஒவ்வொரு வரி. பிறகு மேலிருந்து ஒரு தடவை. ஒரு பிழைகூட இல்லை. அந்த மங்கலுக்குள் உட்கார்ந்து, சரிபார்க்காமல் அடித்த கடிதத்தில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை.

எழுந்து நேராகச் சூப்பர்வைசர் மேடத்தின் அறைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் தனக்காக எதையும் கேட்டு அந்தக் கதவைத் தட்டியதில்லை, கோப்பு அறையைத் தவிர.

"மேடம், என் கண்ணுல ஒண்ணும் இல்ல. மானிட்டர்தான். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

மேடம் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது. "அந்தப் பொண்ணு பழைய வேலைய நேத்தே விட்டுட்டா. உங்க கடிதத்தை நம்பித்தான் கூப்பிட்டோம். இப்ப வராதேன்னு சொல்லட்டுமா? நீங்க சொல்லுங்க, சொல்லிடறேன்."

சொல்லுங்கள் என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூடக் கிடையாது.

"வேண்டாம் மேடம்" என்றாள்.

திரும்பி வந்து மீதமிருந்த பதினேழு அறிக்கைகளையும் அடித்தாள். ஒன்றைக்கூட முன்கூட்டிக் காகிதத்தில் எடுக்கவில்லை. சின்னவள் டீ வாங்கி வந்து வைத்தாள், அக்கா அதைக் குடித்தாள். ஐந்தரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கணவர் சோபாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என் கண்ணு நல்லாருக்குங்க. ஒரு குறையும் இல்லையாம்."

"நல்ல விஷயம்தானே?" அவர் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அதுக்கு ஏன் அழறே?"