மெரிலின் கல்யாணமும் லைலின் பங்கும்

லைல் ப்ரெவெட் பதினாறு வயதிலிருந்து ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். அவனுடைய அப்பா ஐவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அந்த வீட்டில் சம்பளத்துக்கு இருந்து அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கும் வேலை என்னுடையது.

லைலின் முன்னாள் மனைவி மெரில், கோதுமை விவசாயி கிரெயமைக் கட்டிக்கொண்ட அதே வாரம், மகள் டெஸ்ஸின் பராமரிப்புக்காக அரசாங்க ஆபீஸ் மூலம் மாதாமாதம் கட்டிவந்த பணத்தை லைல் நிறுத்தினான். கொட்டகையில் ஒருவன் இடத்தை விட்டுப் போனால், அவன் பட்டியில் மிஞ்சிய ஆடுகளைக் கத்தரிப்பது அடுத்து வருகிறவன் பொறுப்பு. இதுவும் அப்படித்தான் என்றான். மதுக்கடையில் எல்லோரும் சரி என்றார்களாம்.

ஐவர் கோணிய வாயால் கேட்டார்: "பட்டியில இருக்கிற ஆடு முதலாளியோடதுடா. டெஸ் யாரோடது?"

"நீங்க சூப்பைக் குடிங்கப்பா."

வெள்ளிக்கிழமை டெஸ்ஸை விட வந்த மெரில் சமையலறையிலேயே நின்றாள். பிள்ளை தாத்தாவிடம் ஓடிவிட்டது.

"ஆபீஸ்ல கேட்டுட்டேன் லைல். கிரெயம் சம்பாத்தியத்தை அவங்க பாக்கவே மாட்டாங்களாம். உன்னோடதும் என்னோடதும்தான் கணக்கு."

"அவன் நிலத்தைச் சுத்தி வரவே ஒரு நாள் ஆகும். என் காசு எதுக்கு?"

"கிரெயமும் அதைத்தான் சொல்றான். விட்டுடு, நான் பாத்துக்கறேங்கறான். பழைய பாக்கியையும் விட்டுடலாமாம். நான் ஒரு போன் பண்ணினா முடிஞ்சது. பண்ணட்டுமா?"

அவன் கேட்டதெல்லாம் அதுதான். அன்று கையில் வந்தபோது எடுக்கவில்லை. மேசைத் துணியில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை நகத்தால் சுரண்டினான்.

"ஸ்கூல் ஷூ யாரு வாங்கினா?"

"கிரெயம்."

"பல்லுக்குக் கம்பி போடணும்னியே?"

"அடுத்த மாசம். அதுவும் அவன்தான் தர்றேன்னிருக்கான்."

"அப்ப நான் யாரு, வாரக்கடைசியில ஐஸ்கிரீம் வாங்கித் தர்றவனா?"

மெரில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போன் பண்ணாத," என்றான்.

"பண்ணலைன்னா நீ கட்டணும் லைல். பாக்கியும் சேத்து."

"தெரியும். கம்பிக்கும் என்கிட்டயே பில்லை அனுப்பு."

அந்தக் கோடையில் எல்லோரும் கடற்கரைக்குப் போனபோது, அவன் வடக்கே தூரத்துக் கொட்டகைகளுக்கு வேலைக்குப் போனான். பாக்கியைத் தீர்க்க இலையுதிர் காலம் ஆயிற்று. முதுகு கெட்டது, அதற்கும் நான்தான் தைலம் தேய்த்தேன்.

ஏன் மறுபடி கட்டுகிறாய் என்று மதுக்கடையில் கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில் வேறு. "என்னத்தச் சொல்ல, அந்த ஆபீஸ்காரன் விடமாட்டேங்கறான்டா."