செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்த சாவி

எனக்கு நாற்பத்தொரு வயது நடந்தபோது, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களை இன்னொருவர் வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். வீட்டுக்காரர் என் நண்பர், பெரிய இன்ஜினியர். அந்த வாரம் சென்னையில் மகனோடு இருந்தார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "செடிங்களுக்கு மட்டும் தண்ணி ஊத்திடுப்பா" என்று சொல்லியிருந்தார். சாவி கொடுத்த காரணத்தை நான் கொஞ்சம் விரிவாகப் புரிந்துகொண்டேன்.

படிக்காதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் நூலகத்தில் உறுப்பினராகி இருபது வருஷம். வேஷம் போட்டு மாட்டிக்கொள்கிற ஆட்களைப் பற்றி மட்டும் ஒரு அலமாரி நிறையப் படித்திருப்பேன். ஒன்றும் உறைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள். "எந்த பிளாக்? என்ன டைப்பு?" என்று மட்டும் கேட்பார்கள். வேலை எவ்வளவு உயரமோ குவார்ட்டர்ஸ் அவ்வளவு பெரியது. டைப்பைச் சொன்னதும் எதிரே இருப்பவர் கண் ஒரு நொடி மேலே போய் இறங்கும். அந்த நொடிக்குள் உங்கள் கிரேடு, சர்வீஸ், உங்களுக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா எல்லாம் முடிவாகிவிடும். சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்களுக்கும் இது அத்துப்படி. வாசல் கேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

என்னுடையது இருப்பதிலேயே சின்ன டைப். படிப்பு டிப்ளமா. சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட்டில் வரும். பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓடும். பார்ப்பேன்.

இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்தெட்டு வயது வரை இதே வேலையைக் கான்ட்ராக்டில் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷமும் தரகர் எனக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: "பர்மனென்ட் ஆயிட்டு வாங்க சார், லைன்ல நிப்பாங்க." பர்மனென்ட் ஆர்டர் வந்த அன்றே அவருக்குப் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு, "இப்ப வயசு என்னா ஆவுது?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே சார்" என்றார்.

பண்ருட்டியில் இருக்கும் என் அக்கா சும்மா இருக்கவில்லை. அவள் மகளை விட்டு என்னைக் கல்யாண ஆப் ஒன்றில் ஏற்றினாள். அதில் கல்விக்கு ஒரு பட்டியல் வரும். டிப்ளமாவைத் தேடிக் கீழே போய்க்கொண்டே இருக்க வேண்டும், விரல் வலிக்கும். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களே, என்னென்ன படிக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் வைத்தால் என்ன என்று அக்கா மகளிடம் கேட்டேன். "மாமா, அதுக்கு 'ஹாபீஸ்'னு கடைசில ஒண்ணு இருக்கு. யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

அந்த ஆப்பில் இல்லாமல், அக்காவுக்குத் தெரிந்தவர்கள் மூலம் வந்த வரன் இது. முத்தாண்டிக்குப்பம். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு; அம்மா இல்லை. பெண்ணுக்கு முப்பத்தாறு. பயோடேட்டாவில் எம்.எஸ்சி. தாவரவியல், அரசுக் கல்லூரியில் வேலை என்று இருந்தது. என் பயோடேட்டாவை நானே எழுதியிருந்தேன். 'சுரங்கத்தில் தொழில்நுட்பப் பிரிவு' என்ற சொற்றொடர் இன்றுவரை என் படைப்புகளில் அதிக வாசகர்களைச் சென்றடைந்தது.

"எங்கூட்டுப் பொண்ணு காலேஜ்ல பாடம் எடுக்குது. டிப்ளமான்னா யோசனையா இருக்குது. எதுக்கும் வூட்ட ஒரு பார்வ பாத்துட்டு மேல பேசிக்கலாம்" என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்கா சனிக்கிழமையே வந்து என் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; மற்ற இடத்திலெல்லாம் புத்தகம்.

"இத காட்டியா பொண்ணு கேப்ப? வாசல்லியே திரும்பிடுவாங்கடா."

"இதுதானேக்கா என் வீடு?"

"சாவி ஒண்ணு வச்சிக்கினு இருக்கியே, அது எந்த வூடு?"

நான் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதமா என்று தெரியாது. அன்றைக்கு அது கோழைத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த குடும்பப் படத்தை அக்கா கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. நாலு மணிக்கு வந்தார்கள். அப்பா கையில் முந்திரிப் பருப்புப் பை. பின்னாலேயே பெண்ணும் இறங்கினாள். அக்கா என் காதில், "அடியே, பொண்ணும் வந்துட்டாளே" என்றாள். அவசரத்தில் என்னையே அடியே என்று கூப்பிட்டாள் என்றால் நிலைமையை யூகித்துக்கொள்ளலாம்.

அப்பா சோபாவில் உட்கார்ந்து கழுத்தைத் துண்டால் ஒற்றினார். "ஃபேன போடுடா" என்றாள் அக்கா. எழுந்து போனேன். சுவரில் எட்டு ஸ்விட்ச். முதலாவதைத் தட்டினேன், டியூப் லைட் எரிந்தது. இரண்டாவது, வாசல் விளக்கு. மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவதைத் தட்டியபோது சமையலறையில் எதுவோ உறுமியது. அப்பா ஒவ்வொரு தட்டலுக்கும் தலையைத் திருப்பி, என்ன நடக்கிறது என்று அக்கறையாகப் பார்த்தார். ஆறாவதில் ஃபேன் சுற்றியது.

"இந்த ஊட்டு வயரிங்கே இப்டித்தான்" என்றாள் அக்கா.

"அங்க எதனா படம் மாட்டியிருந்துதா?" என்று அவர் வெள்ளைச் சதுரத்தைக் காட்டினார்.

"கண்ணாடி மாத்தக் குடுத்துருக்குது" என்றாள் அக்கா.

பெண்ணும் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். "பின்னாடி தோட்டம் இருக்கா? பாக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள். தோட்டத்துக்குப் போனோம். வரிசையாகத் தொட்டிகள். அவள் குனிந்து ஒரு குரோட்டன்ஸின் மண்ணை விரலால் தொட்டாள். அடுத்த தொட்டியைத் தொட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு தண்ணி ஊத்துறாங்க?"

"நான்தான். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"எல்லாத்துக்கும் வேர் அழுகுது. சொந்தச் செடிக்கு யாரும் இவ்ளோ பயந்து பயந்து தண்ணி ஊத்த மாட்டாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது யாரு வீடுங்க?"

இருபது வருஷம் வாசித்த மொழியெல்லாம் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. "ஃபிரெண்டு வீடு" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"செடிக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தொட்டி ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் பயோடேட்டாவும் பாதிதாங்க. எம்.எஸ்சி.க்கு அப்புறம் ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணி முனைவர் பட்டம் வாங்கியிருக்கேன். அப்பா அத எடுத்துட்டாரு."

"வாங்கின பட்டத்த எதுக்கு எடுக்கணும்?"

"அதப் போட்டா, இவ்ளோ படிச்ச பொண்ணு அடங்குமான்றாங்க. அதயும் தாண்டி வர்றவங்க சம்பளம் கேப்பாங்க. நான் கௌரவ விரிவுரையாளர். தற்காலிகம்தான். மே மாசம் சம்பளம் கிடையாது. இதுக்கா ஆறு வருஷம் படிச்சேன்னு அவங்களே கேப்பாங்க. படிப்பு ஜாஸ்தின்னு கொஞ்சம் பேரு, சம்பளம் கம்மின்னு கொஞ்சம் பேரு. ரெண்டும் ஒரே பொண்ணுதாங்க." அழுகிய இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். "இதுவும் கூடலன்னா இனிமே பாக்கறதில்லன்னு அப்பா சொல்லிட்டாரு. கோவத்துல இல்ல. அவருக்கு அலுத்துப்போச்சு."

அவள் பேசப் பேச எனக்கு ஒன்று புரிந்தது. நான் என்னை உயர்த்திக் காட்ட ஒரு வீட்டைத் திருடினேன். அவளைக் குறைத்துக் காட்ட ஆறு வருஷத்தை அழித்திருக்கிறார்கள். என் திருட்டை மன்னிக்கலாம். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.

"நான் போய் உங்க அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். அவள் தடுக்கவில்லை. தடுப்பாள் என்று கொஞ்சம் நம்பியிருந்தேன்.

ஹாலுக்கு வந்து, நின்றபடியே சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் கையிலிருந்த காபியைப் பார்த்தார்.

"காபித்தூளு?"

"அது என்னுதுங்க."

குடித்து முடித்தார். பக்கத்தில் வைத்திருந்த முந்திரிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். "செரி. உங்க வூடு எங்க இருக்குது?" என்றார்.

நாலு பேரும் வெயிலில் நடந்தோம். பெரிய டைப் வீடுகள் முடிந்து நடுத்தர டைப், அதுவும் முடிந்து எங்கள் வரிசை. என் பன்னிரண்டு வருஷக் கான்ட்ராக்ட் வாழ்க்கையைப் பின்னோக்கி நடந்து காட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டைத் திறந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே கையைச் சுவரில் வைத்தேன். ஃபேன் சுற்றியது.

பெண் அதைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு புத்தகங்களின் முதுகை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். இரண்டை எடுத்துப் புரட்டினாள். சன்னலுக்கு வெளியே பார்த்து, "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டாள். கிளம்ப அவசரப்படுகிறாள் என்று தெரிந்தது. "இதோ, முனையிலதான்" என்று கை காட்டினேன். மனசு விட்டுப்போயிற்று.

"யோசிச்சி சொல்றோங்க" என்றார் அப்பா. வரன் பார்க்கிறவர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். ஆனால் அவர்கள் போன பிறகு அக்கா நாற்காலிக்குக் கீழே குனிந்து, "டேய், பைய வுட்டுட்டுப் போயிட்டாருடா" என்றாள்.

"மறந்திருப்பார்க்கா."

"அந்த வூட்ல மடியில வச்சிருந்தாரு. மறக்குற ஆளா அவுரு?"

பதினெட்டு நாள் அந்தப் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தால் பதில் மாறிவிடும் என்று ஒரு எண்ணம். அறிவியல் மனப்பான்மை பற்றிக் கட்டுரை எழுதியவன் நான். பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. அவளேதான்.

"அப்பாவுக்குச் சம்மதம். எனக்கு ஒரு நிபந்தனை. பத்திரிகையில என் பேருக்குப் பின்னாடி முழுப் படிப்பும் போடணும். உங்க சொந்தக்காரங்க என்ன சொன்னாலும்."

"போட்டுடலாம். என் பேருக்குப் பின்னாடி?"

"வேணும்னா உங்க வயசப் போட்டுக்கங்க."

பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் என் பெயரைவிட நீளம். என் சொந்தக்காரர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு எனக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "வூட்ல நீ பேசவே முடியாதேப்பா" என்றார். நான் எப்போது பேசியிருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன், பேசவில்லை.

நண்பரிடம் உண்மையைச் சொல்லாமல் பத்திரிகை வைக்க முடியவில்லை. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "இந்த வீட்டை நேராக் காட்டியே என் பையனுக்கு இன்னும் அமையல. அவன் சம்பளத்துக்கு மேல சம்பளம் கேக்கறாங்க" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். "குரோட்டன்ஸும் போயிடுச்சு சார்" என்றேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து அதே ஹாலில், அதே சோபாவில் நானும் அவளும் விருந்துக்குப் போய் உட்கார்ந்திருந்தோம். நண்பரின் உறவினர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். நண்பர் கதையைச் சொல்லச் சொன்னார். ஸ்விட்சுகளை எழுந்துபோய்த் தட்டிக் காட்டினேன். தோட்டத்தில் நடந்ததைக் கொஞ்சம் மெருகேற்றினேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "படிப்பு, சம்பளம், டைப்பு எதுவும் இல்ல. அன்னைக்கு நான் உண்மையச் சொன்னேன் பாருங்க, அதுதான் இவங்க மனசு மாறக் காரணம்" என்று முடித்தேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் கேசரியை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நான் காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறணும். இங்கேர்ந்துன்னா ஸ்டாப்புக்கே இருபது நிமிஷம் நடக்கணும். இவரு வீடு ஸ்டாப்புக்குப் பக்கத்துல."