பூவரசடி வாங்கு

குருநகர்க் கடற்கரையில் இருந்து சந்தைவரைக்கும் மீன் கடகத்தைத் தலையில் சுமந்தே வாழ்ந்தவள் மார்கிரட். கடகத்தை இறக்கிவைத்த வயதில் முழங்கால்கள் இரண்டும் அவளைக் கைவிட்டன. கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். ஒரே மகள் மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில், வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில் இருந்த சின்னத் தூரமே அவளுக்குப் பெரும் பயணமாகிவிட்டது.

வீட்டு ஒழுங்கை முடியும் இடத்தில் மூடியில்லாத கழிவுநீர்க் கான். அதைத் தாண்டினால் ஒற்றைப் பூவரசைத் தவிர நிழலில்லாத தெரு. பக்கத்து வீட்டுக் கிழவர் செபமாலைக்குக் கண் மங்கல். அவர் அவளுக்குத் தோள் கொடுப்பார், அவள் அவருக்கு வழி சொல்லுவாள். அப்படித்தான் இருவரும் பூசைக்குப் போய் வந்தார்கள். ஒரு மாரியில் கானும் தெருவும் ஒரே வெள்ளமாகக் கிடந்தபோது செபமாலை உள்ளே விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

அந்த வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வென்ற செபநாயகத்தின் வாசலில் போய் நின்றாள் மார்கிரட்.

"தம்பி, உந்தக் கானுக்கு மேலை ரெண்டு கல்லுப் போட்டுவிடு. பாதி வழியிலை குந்தி இருக்க ஒரு வாங்கு வேணும். கிழடுகள் நாங்கள் பூசை காண வேண்டாமே?"

"பாப்பம் மாமி. ஆனா வயது போனால் வீட்டிலை இருந்து செபம் சொல்லலாம்தானே?"

அவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டின் பின்னால் கணவனின் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. வள்ளம் கட்டும் ஓடாவி சிமியோனைக் கூப்பிட்டு அதைப் பிரிக்கச் சொன்னாள்.

"அண்ணையின்ரை வள்ளமெல்லே அக்கா?"

"அவர் இனிக் கடலுக்குப் போகப்போறேல்லை. வெட்டு."

கானுக்குக் குறுக்கே ஒரு பலகை. பாதி வழியில், தெருவோரப் பூவரச மரத்தடியில், முதுகு சாய்க்கக்கூடிய ஒரு வாங்கு. வீட்டுக்குள்ளேயே கிடந்த கிழங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டில் கலியாணம், கடலில் என்ன பட்டது என்றெல்லாம் அங்கே கதை நடந்தது. மார்கிரட் பூசைக்கு வெகு நேரம் முன்னரே புறப்படத் தொடங்கினாள்.

பின்னேரங்களில் இளம் பெடியன்கள் அதில் இருந்தார்கள். அவள் தடுக்கவில்லை. அப்போது ஊர் கெட்டுக்கொண்டு வந்தது. ஒருநாள் ஆமி ஜீப் ஒன்று வந்து நின்றது. இருந்தவர்களில் இருவரை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாள் காலையில் ஆமிக்காரர் திரும்பி வந்து வாங்கைக் கோடரியால் கொத்தினார்கள். பக்கத்து வேலியைப் பிடித்துப் பிடித்து மார்கிரட் வந்து சேர்ந்தாள்.

"ஐயா, உது வயது போன ஆக்களுக்கு..."

அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

ஏற்றிப் போன இருவரில் ஒருவன் வந்தான். மற்றவன், அதே தெரு அற்புதராணியின் மகன், வரவேயில்லை. அவள் மார்கிரட்டின் வேலிப் படலையில் வந்து நின்று கத்தினாள்: "உந்த வாங்கு இல்லாட்டி என்ரை பிள்ளை அதிலை போய் இருந்திருப்பானோ?"

அதன் பின்னர் இன்னொரு வாங்கு பற்றி யாரும் பேசவில்லை. கானுக்கு மேலே கிடந்த பலகையும் அடுத்த மாரியோடு உளுத்துப் போனது. செபமாலையை அவரது மகன் கிளாலிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தனியே கானைத் தாண்ட அவளுக்குத் துணிவு வரவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிகளில் கோயில் சுவாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரத் தொடங்கினார்.

"இனி உங்களுக்கு அலைச்சல் இல்லை அம்மா" என்றார்.

"ஓம் சுவாமி." கூடவே கேட்டாள்: "கோயிலுக்கு இப்ப ஆர் ஆர் வருகினம் சுவாமி?"

அவருக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. "எல்லாரும் வருகினம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அடுத்த முதல் வெள்ளிவரைக்கும் அந்தப் படலையை வேறு யாரும் திறக்கவில்லை.