திரையில் விழாத பாஸ்வேர்டு

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாட்டுத் தரகு பார்ப்பவன் நான். மகள் விட்டுப்போன லினக்ஸ் லேப்டாப்பில் தமிழ் எழுத்தை ஏற்ற, அவள் எழுதி அனுப்பிய கட்டளை வரியைத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி அடித்தேன். ஒன்றுமில்லை. எரிச்சலோடு விடுதியில் இருந்த மகளுக்குப் போன் போட்டேன்.

“அது காட்டாதுப்பா. அடிச்சுட்டு என்டர் தட்டுங்க.”

“கண்ணுல தெரியாம எப்புடி நம்பறது?”

“சந்தையில துண்டுக்குள்ள விரலப் புடிச்சுத்தான மாட்டு வெல பேசறீங்க? அது யாரு கண்ணுக்குத் தெரியுது?”

அடித்து என்டர் தட்டினேன். தவறு என்றது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் தவறு. துண்டுக்குள் எதிராளியின் விரலாவது இருக்கும். இங்கே நான் யார் கையைப் பிடிப்பது?