நஸீபா பார்க்கும் மலை

எட்டேகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நஸீபா பால்கோவா டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிறவர் மடியில் அப்படியொரு டப்பா இருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "எந்தக் கடைம்மா, கிலோ எம்புட்டு?" என்பார். "இது விக்கிறதுக்கு இல்லண்ணே" என்பார் நஸீபா. உள்ளே ஐஸ் துண்டுகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு சிறுநீர்ப் புட்டிகள் இருக்கும். புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொடுத்தவை.

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். நான் தமிழ்த் துறை. வெயிலுக்கு அங்கே ஏசி இருக்கிறதென்று போய் உட்காருகிறவன். விரல் நீளப் பட்டை ஒன்றில் கரி மை பூசியிருக்கும். நஸீபா பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அதன்மேல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவார். லேசாக மின்சாரம் கொடுத்தால், சொட்டில் மருந்து இருக்கும்போது திரையில் கோடு மேடாக எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு படுத்துக்கிடக்கும். நோயாளி உடம்பில் எவ்வளவு மருந்து, அங்கிருந்து கழிந்து சாக்கடையில் சேர்வது எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். அந்த மேட்டுக்குப் பேராசிரியர் நீளமாக ஒரு பெயர் சொல்வார். நஸீபாவுக்கு அது மலை. புட்டிகளில் பெயர் கிடையாது, எண்தான். "நாலாம் நம்பருக்கு மலை நல்லா ஏறிருக்கு சார்" என்பார், சொந்தப் பிள்ளை பாஸான மாதிரி.

ஒன்றாம் நம்பர் அவருடைய கணவர் ஹபீப் ரகுமான். பால்கோவா மாஸ்டர். குடலில் புற்று. இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு.

போன மாதம், மாத்திரை வாரத்திலேயே ஒன்றாம் நம்பரில் மலையைக் காணோம். நஸீபா மூன்று பட்டை மாற்றினார், கருவியைத் திட்டினார். மற்ற நம்பர்களுக்கெல்லாம் ஒழுங்காக ஏறியது. அடுத்து சாக்கடைத் தண்ணீர்ப் புட்டிகள். அவற்றில் ஒன்று அவர் வீட்டுக்குப் பின்னால் மொண்டது. அதிலிருந்து ஒரு சொட்டு விட்டதும், அவர் இதுவரை பார்த்தே இராத உயரத்துக்குக் கோடு எழும்பியது. "அவிய மாத்திரய எல்லாம் சாக்கடையில போட்டுருக்காவ சார்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தமிழ் படித்து என்ன பிரயோசனம்!

வீட்டில் கேட்டபோது ஹபீப் மறைக்கவில்லையாம். "நாக்கு செத்துப்போச்சு நஸீபா. அன்னைக்கு ஒரே சட்டிக்கு ரெண்டு தடவ சீனி போட்டுட்டேன். மொதலாளி ஒண்ணுமே சொல்லல, அதான் தாங்கல. மாத்திரய விட்டா ருசி வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"கொஞ்சம் வந்துச்சு."

அந்தக் 'கொஞ்சம்'தான் தன் நெஞ்சை அறுக்கிறது என்கிறார் நஸீபா. மாத்திரையை விட்டால் நோய் வேகமாகப் பரவும், எடுத்தாலும் தள்ளிப்போடத்தான் முடியும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். 'தள்ளியாவது போகட்டும்' என்று நஸீபா கணவரிடம் அழுதிருக்கிறார்.

இப்போதெல்லாம் பஸ் ஏறுவதற்கு முன்னால் நஸீபா கணவர் வேலைபார்க்கும் இடத்துக்குப் போகிறார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஹபீப் அடுப்பின் முன் கிண்டிக்கொண்டிருந்தார். மாத்திரையால் தோல் உரிந்த உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். நஸீபா அதை விரலால் வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஹபீப் அந்த முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"சீனி போதும். இன்னும் செத்த நேரம் கிண்டணும்."

ஹபீப் அப்படியே செய்து இறக்கினார். அவர் இட்லி சாப்பிட்டு முடித்ததும் நஸீபா மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். அவர் தண்ணீரோடு விழுங்கினார். பிறகு, யாரும் கேட்காமலே, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

நஸீபா சட்டி ஓரத்திலிருந்து ஒரு துளி பால்கோவாவை எடுத்து, ஊதி ஆற்றி, அந்த நாக்கின்மேல் வைத்தார்.