நாற்பது பைசாவில் பெக்மடைட்

போன இதழில் மகாபலிபுரம் போனவர் கடலைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். நம் கையெழுத்துப் பத்திரிகை வாசகர்கள் கொஞ்சம் கல்லும் பார்க்கட்டும் என்று நான் கல்குவாரிப் பயணம் எழுதுகிறேன். காரணம் என் அக்கா ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. நிலவியல், இரண்டாம் ஆண்டு. அவள் வகுப்புப் பையன்கள் நெல்லூர்ப் பக்கம் மைக்கா சுரங்கம் பார்க்கப் போய்விட்டார்கள். பத்து நாள், கூடாரத்தில். பெண்கள் தங்க வசதி இல்லையாம். வகுப்பில் இருக்கும் ஒரே பெண் இவள்தான். பக்கத்தில் எங்காவது பெக்மடைட் பாறையைப் பார்த்து, அளந்து, வரைந்து திங்கட்கிழமை கொண்டுவந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். தனியாக விடமாட்டேன் என்ற அம்மா, துணைக்குத் தங்கையான என்னை அனுப்பினாள். தீக்குத் துணையாக மண்ணெண்ணெய்.

1974 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் காலை 9.30 பஸ். வல்லக்கோட்டைக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது பைசா. முருகன் கோயில் கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாடம் கேட்டேன்.

அக்கா சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். நிலமும் நிலமும் முட்டி மலைத்தொடர் எழும்பும்போது, ஆழத்தில் அதன் அடிவயிறு உருகும். அந்தக் குழம்பு மெல்ல ஆறும்போது படிகங்கள் உண்டாகும். ஒவ்வொரு படிகமும் தனக்குப் பொருந்தும் அணுவுக்குத்தான் சீட்டுக் கொடுக்கும். லித்தியம், பெரிலியம், டாண்டலம் மாதிரி ஆட்கள் அளவிலோ மின்னூட்டத்திலோ பொருந்துவதில்லை. எல்லாரும் கடைசிவரை நின்றுகொண்டே வந்து, மிஞ்சிய சாற்றில் தண்ணீரோடு சேர்ந்துவிடுவார்கள். அந்தச் சாறு பாறை வெடிப்புக்குள் புகுந்து உறையும். தண்ணீர் நிறைய இருப்பதால் அணுக்கள் தாராளமாக நகரும். படிகங்கள் கைநீளம், சில ஊர்களில் ஆள் உயரம்கூட வளரும். அதுதான் பெக்மடைட். அரிய உலோகம் தேடுகிறவர்கள் இந்த மிச்சத்தைத்தான் தேடுவார்கள்.

"அப்போ உன்னை மாதிரி, சீட்டு கிடைக்காததுங்க" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேர நடை. குவாரிக்குள் நுழையும்போது பதினொன்று. கருங்கல் சுவரில் மேலிருந்து கீழாக, பெக்மடைட் ஒரு வெள்ளைப் பட்டையாக இறங்கியது. வெள்ளைக்கல் பொடிந்துபோகும், ஜல்லிக்கு ஆகாது என்றார், அங்கே ஜல்லி உடைக்கும் பெண்களில் மூத்தவரான கன்னியம்மா. "நாங்க தூக்கிப் போடறத நீ எழுதிக்கினு போறியே கண்ணு" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பதினொன்றரைக்குப் பாறைத் துளைகளில் வெடிமருந்து இறக்குவார்கள், அதற்குள் நகர்ந்துவிட வேண்டும் என்றார் மேஸ்திரி.

அம்மாவின் தையல் டேப்பை நான் பிடித்து எண்ணைச் சொல்ல, அக்கா பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினாள். ஓரத்தில் பொடிப் படிகம், மூன்று அங்குலம். அடுத்து இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், பதினாலு. நடுவில் குவார்ட்ஸ். இங்கே நான் டேப்பைப் பார்க்கவே இல்லை. பல்லெல்லாம் காட்டி இளித்தபடி, "முப்பத்திரெண்டு" என்றேன். திரும்புவாள், தலையில் குட்டுவாள், பிறகு ஒழுங்காக அளக்கலாம் என்பது என் திட்டம். அவள் எழுதிக்கொண்டாள். உடனே விசில். மேஸ்திரி சிவப்புக் கொடியை ஆட்டி எல்லாரையும் விரட்டினார்.

தூரத்தில் நின்ற லாரிக்குப் பின்னால் ஒதுங்கினோம். 12.05க்கு வெடித்தது. புழுதி அடங்கியபோது பட்டை இருந்த இடத்தில் கற்குவியல். அக்கா நோட்டைத் திறந்து, நடுவில் இவ்வளவு அகலமா, சார் நம்பவே மாட்டார் என்று பூரித்துப்போய்ச் சொன்னாள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பாறையே இல்லையே. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. கள நோட்டில் அழிக்கக் கூடாதாம். முப்பத்திரண்டின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தாள். நோட்டை மூடினாள். பிறகு அழுதாள்.

"இன்னாமே, அக்கா படிப்புலயா வெளாடுவே?" என்றார், லாரிக்குப் பின்னால் எங்களோடு ஒதுங்கியிருந்த கன்னியம்மா. அப்புறம் அக்காவிடம், "அழாத கண்ணு. அது உள்ளாற போய்க்கினுதான் கீது. வுழுந்தத வாரிட்டா தெரியும்."

வழக்கமாகக் கருங்கல் பக்கத்திலிருந்துதான் வாருவார்கள். ஒன்றுக்கும் ஆகாத வெள்ளைப் பக்கம் கடைசியில், மறுநாளோ அதற்கு மறுநாளோ. கன்னியம்மா போய் மேஸ்திரியிடம் பேசினார். மேஸ்திரி பாறையைத் தட்டிப் பார்த்துச் சரி என்றதும், ஆறு பெண்களும் அன்று வெள்ளைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நானும் கூடை தூக்கினேன். உள்ளங்கை இரண்டும் உரிந்தன. நாலு மணிக்குப் புதுச் சுவரில் பட்டை முழு அகலத்துக்கும் தெரிந்தது.

அக்கா டேப்பை என்னிடம் நீட்டினாள்.

"மறுபடியும் இதுங்கிட்டயா குடுக்கிற?" என்றார் கன்னியம்மா.

"அவளே சொல்லட்டும்" என்றாள் அக்கா.

மூன்று தடவை பார்த்தேன். குவார்ட்ஸ் இருபத்தொன்றே கால் அங்குலம். பிறகுதான் சொன்னேன்.

அரிய உலோகம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. எல்லாப் பெக்மடைட்டுக்கும் அந்த யோகம் கிடையாதாம். 'கண்ணில் படவில்லை' என்றே அக்கா எழுதினாள்.

போகிறவர்களுக்கு: மேஸ்திரியைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். விசில் கேட்டால் ஓடுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள், அங்கே கடை இல்லை. திரும்பும் பஸ் 5.40. இருவருக்கும் போக வர ஒரு ரூபாய் அறுபது பைசா. எண் சொல்லும் வேலை உங்களுடையது என்றால், முதலில் எண், பிறகு இளிப்பு.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் பின்னல் ஜன்னல் கம்பியில் கட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஊர் வரும்வரை நான் அசையவில்லை.